தீவுப் பள்ளிகளில் மனநல ஆலோசகர் பணி: மாற்றுத்திறனாளிகளுக்கு இடம் கிடைக்குமா?

புது தில்லி: நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது நியமிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25-ம் தேதி உத்தரவிட்டது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் பயின்று வந்த 17 வயது மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா ஆகியோர் கொண்ட அமர்வு வகுத்த 15 நெறிமுறைகளில் இதுவும் ஒன்று. நாடாளுமன்றமோ சட்டப்பேரவைகளோ உரிய சட்டம் இயற்றும் வரை இந்த நெறிமுறைகளே சட்டத்துக்கு இணையாகச் செயல்படும்.

இவற்றில் மாற்றுத்திறனாளி மாணவர்களும் குறிப்பிடப்பட்டுள்ளனர். அவர்களையும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களையும், உற்றாரை இழந்தவர்களையும் பாகுபாடின்றி நடத்த ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் அங்கே மாற்றுத்திறனாளி உதவி பெறுபவராகவே இடம் பெறுகிறார். உதவி வழங்கும் நாற்காலியில் அவர் அமர முடியுமா என்பது தனிக் கேள்வி. பதவிகள் புதிதாக உருவாக்கப்பட்டு, அவற்றுக்கான பணி நியமன விதிகள் எழுதப்படும் காலம் இது. விதிகளில் ஒரு சொல் பிசகினாலும் ஒரு தலைமுறைக்கே கதவு அடைபட்டுவிடும். இந்தக் கேள்விக்குத் தில்லியே நேரடியாகப் பதில் சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது அந்தமான் நிகோபார் தீவுகள்.

பேரவை இல்லாத பிரதேசம்

அந்தமான் நிகோபார் தீவுகளுக்குச் சட்டப்பேரவை கிடையாது. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். மாநிலங்களவையில் அதுவும் இல்லை. துணைநிலை ஆளுநர் தலைமையிலான நிர்வாகம் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. தமிழ்நாட்டில் ஒரு பதவிக்கான விதி தவறாக எழுதப்பட்டால் சட்டப்பேரவையில் கேள்வி எழுப்ப 234 பேர் உள்ளனர். தீவுவாசிக்கு அந்த வாய்ப்பு இல்லை. நீதிமன்றத்தை நாட வேண்டுமானால் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் சுற்று அமர்வைத்தான் அணுக வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை சுமார் 3.8 லட்சம். இவர்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 சதவீதம். மாற்றுத்திறனாளிகளாகக் கணக்கிடப்பட்டோர் 6,660 பேர். மக்கள் நிரந்தரமாக வாழும் தீவுகள் 31. வடக்கே திக்லிபூர் முதல் தெற்கே கேம்ப்பெல் பே வரை இவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்குச் சிதறிக் கிடக்கின்றன. நூறு மாணவர்களுக்கும் குறைவான பள்ளிகள் வெளியிலுள்ள மனநல நிபுணர்களுடன் முறையான தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் மற்றொரு நெறிமுறை. ஊர்தோறும் மருத்துவமனை உள்ள மாவட்டத்தில் இது எளிது. கடல் கடந்து செல்ல வேண்டிய தீவில் வெளியிலுள்ள நிபுணர் என்பவர் பெரும்பாலும் முன்பு போர்ட் பிளேர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்திலோ, தீவு மக்கள் 'மெயின்லேண்ட்' என்று அழைக்கும் பெருநிலத்திலோதான் இருப்பார்.

சுனாமி கற்றுத் தந்த பாடம்

பள்ளிக் குழந்தைகளின் மனநலம் என்பது தீவுகளுக்கு ஏட்டளவிலான விஷயமன்று. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கார் நிகோபார், கச்சால் உள்ளிட்ட தீவுகள் பேரழிவைச் சந்தித்தன. 1964-ம் ஆண்டு இந்திய - இலங்கை ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்கள் சில ரப்பர் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்தப்பட்டதும் அதே கச்சால் தீவில்தான். பேரலைக்குப் பின் முகாம்களில் இருந்தவர்களுக்காகப் பெங்களூரு தேசிய மனநலம் மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனத்தின் (நிம்ஹான்ஸ்) மருத்துவர் குழு தீவுகளுக்குச் சென்றது. வெளியிலிருந்து வந்த ஒரு சிலரால் அத்தனை குழந்தைகளையும் கவனிக்க இயலாது என்பதால், உள்ளூர் ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் அக்குழு பயிற்சி அளித்தது.

அந்த அனுபவம் சொல்லும் பாடம் தெளிவானது. வெளியிலிருந்து வரும் நிபுணர் திரும்பிச் சென்றுவிடுவார். உள்ளூரில் இருப்பவரே நிலைத்து நிற்பார். மேலும், உளவியல் ஆலோசனை முழுக்க முழுக்க மொழி சார்ந்த பணி. நிகோபாரி பேசும் குழந்தையிடமும், தமிழ்வழி வகுப்பில் பயிலும் குழந்தையிடமும் இந்தியில் மட்டும் பேசி மனதை அறிந்துவிட முடியாது. நிகோபார் மாவட்டத்துக்குள் வெளியார் செல்லவே பழங்குடியினர் பாதுகாப்பு விதிகளின்படி அனுமதி தேவை. ஆகவே படித்த உள்ளூர் இளைஞர்களைத் தேடிப் பயிற்றுவிப்பதே நடைமுறைக்கு உகந்த வழி. அவர்களில் மாற்றுத்திறனாளிகளும் உள்ளனர். பயிற்சி பெற்ற ஒவ்வொருவரும் தேவைப்படும் இடத்தில், மூன்றடி உயரப் படிக்கட்டு காரணமாக ஒருவரை இழப்பது நிர்வாகத்துக்கே நஷ்டம்.

சட்டம் சொல்வது என்ன?

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கை 2006-ல் நிறைவேறியது. இந்தியா 2007 அக்டோபர் 1-ம் தேதி அதற்கு ஏற்பளித்தது. அதன் 24-வது பிரிவு, மாற்றுத்திறனாளிகள் உட்பட சைகை மொழி, பிரெய்ல் அறிந்த ஆசிரியர்களை நியமிக்க வேண்டும் என்றும், கல்வியின் எல்லா நிலைகளிலும் பணியாற்றும் வல்லுநர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 17-வது பிரிவும் ஏறத்தாழ இதையே எதிரொலிக்கிறது. பள்ளிக்குள் மாற்றுத்திறனாளி பணியாளராகவும் வர வேண்டும் என்ற எண்ணம் சட்டத்திலேயே இருக்கிறது.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, 1995-ம் ஆண்டுச் சட்டம் வழங்கிய 3 சதவீத ஒதுக்கீடு புதிய சட்டத்தில் 4 சதவீதமாக உயர்ந்தது. பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, கை கால் இயக்கக் குறைபாடு ஆகியவற்றுக்குத் தலா 1 சதவீதம். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவற்றுக்கும் பல்வகைக் குறைபாட்டுக்கும் சேர்த்து 1 சதவீதம். மத்தியப் பணியாளர் துறை 2018 ஜனவரி 15-ம் தேதி வெளியிட்ட உத்தரவின்படி, ஒதுக்கீட்டுப் பதிவேட்டின் ஒவ்வொரு நூறு இடங்களிலும் 1, 26, 51, 76 ஆகிய இடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு உரியவை. சிறிய நிர்வாகம் என்பதால் தங்களுக்கு ஒதுக்கீடு எட்டாது என்று தீவு அலுவலகங்கள் தட்டிக் கழிக்க முடியாதபடி, முதல் இடத்திலிருந்தே கணக்கு தொடங்குகிறது.

ஒதுக்கீட்டை எவ்வாறு கணக்கிடுவது என்ற தகராறு நீண்ட காலம் நீடித்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை என்று அடையாளம் காணப்பட்ட பணியிடங்களை மட்டும் கணக்கில் கொண்டு ஒதுக்கீட்டைச் சுருக்கும் வழக்கம் இருந்தது. மொத்தக் காலியிடங்களைக் கொண்டே கணக்கிட வேண்டும் என்று 2013 அக்டோபர் 8-ம் தேதி தீர்ப்பளித்தது அன்றைய தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு. எனினும் எந்தப் பதவியில் நியமிப்பது என்பது இன்றும் அடையாளம் காணப்பட்ட பணிகளின் பட்டியலைச் சார்ந்தே உள்ளது. பள்ளி ஆலோசகர் போன்ற புதிய பதவியை உருவாக்கும்போதே, எந்தெந்த வகைக் குறைபாடு உடையவர்கள் அதற்கு ஏற்றவர்கள் என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். அது விடுபட்டால் ஒதுக்கீடு ஏட்டில் நிற்கும், நியமனம் நடக்காது.

மற்றொரு ஓட்டையும் உண்டு. ஒதுக்கீடு நிரந்தரப் பணியிடங்களின் எண்ணிக்கையை ஒட்டியே கணக்கிடப்படுகிறது. ஆலோசகர்களை ஆண்டு ஒப்பந்தத்தில் அமர்த்திவிட்டால், பதிவேட்டுக்கே வேலை இல்லாமல் போகும். மாற்றுத்திறனாளி ஊழியர் கேட்டுப் பெற வேண்டிய உபகரணங்களும் ஆண்டுக்கு ஆண்டு மறு விண்ணப்பத்துக்கு உரியவை ஆகிவிடும்.

'முடியாது' என்பதற்கு அடிப்படை என்ன?

பார்வையற்றவர் குழந்தையின் முகக் குறிப்பை எப்படி அறிவார், காது கேளாதவர் எப்படி ஆலோசனை கூறுவார் என்ற கேள்விகள் இயல்பாக எழுகின்றன. ஏறக்குறைய இதே வாதம்தான் நீதித்துறையிலும் முன்வைக்கப்பட்டது. மத்தியப் பிரதேச நீதிப் பணி விதிகளில் பார்வையற்றோரை விலக்கிய பகுதியை, நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2025 மார்ச் 3-ம் தேதி ரத்து செய்தது. சாட்சியின் வாக்குமூலத்தை எடைபோடும் பொறுப்புக்கே பார்வையின்மை தடையாகாது என்றால், மாணவனின் குறையைக் கேட்கும் பணிக்கு அது தடை என்று பொத்தாம்பொதுவாகக் கூற இயலாது.

உண்மையான சிக்கல்கள் வேறு இடத்தில் உள்ளன. பள்ளி உளவியலாளரின் வேலை பேச்சோடு முடிவதில்லை. குழந்தையின் அறிவுத்திறனையும் கற்றல் குறைபாட்டையும் அளக்கும் சோதனைகளை அவர் நடத்த வேண்டும். இந்தியாவில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் மாலின் நுண்ணறிவு அளவுகோலில் வாய்மொழிப் பகுதியும் செய்முறைப் பகுதியும் தனித்தனியே உண்டு. கேள்வி கேட்டுப் பதில் பெறும் பகுதியைப் பார்வையற்ற உளவியலாளர் தாமே நடத்தலாம். கட்டைகளை அடுக்குதல் போன்றவற்றுக்கு, குழந்தை செய்வதை உள்ளபடி சொல்லும் பயிற்சி பெற்ற உதவியாளர் தேவை. கணினியில் உரையைப் படித்துச் சொல்லும் 'என்விடிஏ' போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் சோதனைக் கையேடுகளும் மதிப்பெண் அட்டவணைகளும் அச்சுத் தாளில் மட்டும் இருந்தால் மென்பொருளால் பயனில்லை.

காது கேளாத ஆலோசகருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் தேவைப்படலாம். அப்போது மாணவன் மனம் திறந்து சொல்லும் ரகசியம் மூன்றாவது நபரின் காதுக்கும் போகிறது. ஆலோசகரைக் கட்டுப்படுத்தும் ரகசியக் காப்பு விதி அந்த மொழிபெயர்ப்பாளரையும் எழுத்து மூலமாகக் கட்டுப்படுத்த வேண்டும். மறுபுறம், சைகை மொழியிலேயே பேசும் மாணவனுக்கு அதே மொழி அறிந்த ஆலோசகர் கிடைத்தால் இடையில் எவரும் தேவையில்லை. தன் நிலையில் உள்ள ஒருவர் அலுவலராக அமர்ந்திருப்பதைக் காண்பது அம்மாணவனுக்கும் பெற்றோருக்கும் ஊட்டும் நம்பிக்கை தனி.

உதவியாளர், மொழிபெயர்ப்பாளர், மென்பொருள், சாய்தளம் ஆகிய இவற்றைத்தான் சட்டம் 'நியாயமான வசதி' என்கிறது. அமெரிக்காவின் 1990-ம் ஆண்டுச் சட்டம் வழியாகப் பரவி, ஐ.நா. உடன்படிக்கையில் இடம்பெற்ற கோட்பாடு இது. அளவுக்கு மீறிய சுமை ஏற்படாத வரை அரசு இதைச் செய்துதர மறுக்கக் கூடாது. 2021 பிப்ரவரி 11-ம் தேதி, எழுதுவதில் சிரமம் உடைய குடிமைப் பணித் தேர்வர் ஒருவரின் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடு என்று விளக்கியது. மத்திய அரசு ஊழியர்களுக்கான 2014 மார்ச் 31 உத்தரவும் உபகரணங்கள், பணிக்குப் பிந்தைய பயிற்சி, குடியிருப்பில் முன்னுரிமை, இடமாற்றத்தில் சலுகை ஆகியவற்றைப் பட்டியலிட்டுள்ளது. தீவுகளுக்கு இவை புதியவை அல்ல. பள்ளி ஆலோசகர் பணிக்கு ஏற்ப அவற்றை விரித்து எழுதுவதே தேவை.

கப்பலும் விமானமும்

பெருநிலத்தில் வாகனத்தில் ஏறி அடுத்த பள்ளிக்குச் சென்றுவிடலாம். தீவுகளில் ஆலோசகர் அடுத்த பள்ளிக்குச் செல்லக் கப்பல் ஏற வேண்டியிருக்கும். அலையில் ஆடும் படகுக்கும் படகுத்துறைக்கும் இடையே போடப்படும் பலகையைச் சக்கர நாற்காலியில் கடப்பது எளிதன்று. எல்லா ஊழியர்களையும் சுழற்சி முறையில் தொலைத் தீவுகளுக்கு மாற்றும் நிர்வாகப் பழக்கம், இத்தகைய பணியாளருக்கு வேலையை விடு என்று சொல்வதற்குச் சமமாகிவிடும்.

விமானப் பயணமும் இதற்கு விலக்கல்ல. பெருமூளை வாதம் உடைய கொல்கத்தாவின் ஜீஜா கோஷ், மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகத் தொழில்முறையில் பணியாற்றுபவர். 2012 பிப்ரவரியில் மாநாடு ஒன்றுக்காகக் கோவா புறப்பட்ட அவர், கொல்கத்தாவில் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். 2016 மே 12-ம் தேதி உச்ச நீதிமன்றம் அவருக்கு ரூ. 10 லட்சம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. பயிற்சிக்கும் கருத்தரங்குக்கும் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ பறந்தே ஆக வேண்டிய தீவுப் பணியாளருக்கு இத்தீர்ப்பின் பொருள் மற்றவர்களைவிட அதிகம். பொது இடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவையாக இருப்பதற்கான தரங்கள் பரிந்துரையாக மட்டும் இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பர் 8-ம் தேதி ரஜீவ் ரதூரி வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது.

கடலைக் கடக்க வேறொரு வழியும் திறந்திருக்கிறது. சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பதிக்கப்பட்ட கண்ணாடி இழை வடம் 2020 ஆகஸ்ட் 10-ம் தேதி பயன்பாட்டுக்கு வந்தது. கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார், லிட்டில் அந்தமான் ஆகிய தீவுகளை அது இணைக்கிறது. 2022 அக்டோபர் 10-ம் தேதி தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசி மனநலச் சேவை நாடு முழுவதும் செயல்படுகிறது. ஸ்ரீ விஜயபுரத்தில் அமர்ந்தபடியே காணொலி வழியாகத் தொலைத் தீவு மாணவர்களுடன் பேசும் பணியை, நடமாட்டக் குறைபாடு உள்ள ஆலோசகர் முழுத் திறனுடன் செய்யலாம். நேரில் காண வேண்டிய மாணவர்களுக்காகப் பயண உதவியுடன் கூடிய சுற்றுகளைத் தனியே வகுக்கலாம். ஆனால் காணொலியைக் காரணம் காட்டி அவரை ஓர் அறையில் முடக்கி, பதவி உயர்வுக்குத் தேவையான களப்பணியை மறுப்பது மற்றொரு வகைப் பாகுபாடாகிவிடும்.

முட்டுக்காடு முதல் புவனேஸ்வரம் வரை

பயிற்சி பெற்றவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்பது அடுத்த கேள்வி. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005-ல் தொடங்கப்பட்ட பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனத்தின் நிர்வாகத்தில்தான் தீவுத் தலைநகரின் கூட்டு மண்டல மையம் இயங்குகிறது. மாற்றுத்திறனாளிகளுக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்கும் மையமாகவே இது அறியப்படுகிறது. அங்கு சேவை பெற வருவோரில் படித்தவர்களை ஆலோசகர்களாகவும் உருவாக்கும் பணியை இம்மையத்திடம் ஒப்படைப்பது பொருத்தமாக இருக்கும்.

பணியிலுள்ள ஆசிரியர்களுக்கு, தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் (என்சிஇஆர்டி) வழிகாட்டல், ஆலோசனைப் பட்டயப் படிப்பை நடத்துகிறது. தீவுகளுக்கு அதன் மையம் புவனேஸ்வரம். தொலைநிலைக் கல்வியோடு நேரடி வகுப்பும் கொண்ட இப்படிப்புக்கு, ஏற்கெனவே ஒதுக்கீட்டில் பணியில் சேர்ந்த மாற்றுத்திறனாளி ஆசிரியர்களைத் தீவு நிர்வாகம் தேர்ந்தெடுத்து அனுப்பலாம். புவனேஸ்வரத்தில் தங்குமிடமும் உடன் செல்லும் துணைவருக்கான செலவும் இல்லாமல் அனுப்புவதால் மட்டும் பயன் விளையாது.

தகுதியை நிர்ணயிக்கும் அமைப்புகள் இரண்டாக இருப்பதும் குழப்பத்துக்கு இடம் தருகிறது. மருத்துவ உளவியலாளர்கள் 1992-ம் ஆண்டுச் சட்டப்படியான இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்கின்றனர். பிற உளவியலாளர்களும் ஆலோசகர் பிரிவினரும் 2021-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய துணை மற்றும் சுகாதாரப் பணிகள் ஆணையத்தின் வரம்பில் வருகின்றனர். படிப்பு, உள்ளுறைப் பயிற்சி, தேர்வு ஆகிய ஒவ்வொரு கட்டத்திலும் நியாயமான வசதி உறுதி செய்யப்படாவிட்டால், பணியிடம் ஒதுக்கினாலும் விண்ணப்பிக்க ஆள் இருக்காது. 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று எழுதி இடத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்லவும், அப்போதும் மாற்றுத்திறனாளி எவரும் கிடைக்காவிட்டால் மற்றவர்களைக் கொண்டு நிரப்பவும் சட்டமே வழிவிடுகிறது.

மனநோய் என்னும் மௌனம்

பேசப்படாத பிரிவினர் ஒருவரும் உள்ளனர். நான்காவது ஒதுக்கீட்டுப் பிரிவில் மனநோயும் அடங்கும். மனநலப் பணியில் உள்ளவர் தமக்கு மனச்சோர்வோ இருமுனைக் கோளாறோ உண்டு என்று வெளிப்படையாகக் கூறத் தயங்குகிறார். கூறினால் குழந்தைகளிடம் பழக விடமாட்டார்களோ என்ற அச்சம். மனநலக் குறைபாடு உடைய மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில், குறைபாட்டின் விளைவான நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகப் பாகுபாடு என்று 2021 டிசம்பர் 17-ம் தேதி உச்ச நீதிமன்றம் கூறியது. பணியின்போது குறைபாடு ஏற்பட்டவரைப் பணிநீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று சட்டத்தின் 20-வது பிரிவும் சொல்கிறது. சிகிச்சைக்கு விடுப்பு, மூத்த உளவியலாளரின் வழிகாட்டல், மருத்துவ விவரத்தின் ரகசியம் ஆகியவை விதிகளில் எழுதப்பட்டால்தான் இந்தப் பாதுகாப்பு நடைமுறைக்கு வரும்.

இப்போது செய்ய வேண்டியது

நிதி ஒதுக்கீட்டைவிட முதலில் தேவைப்படுவது கோப்பில் சில வரிகள். ஆலோசகர் பதவியை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணியாக அறிவித்தல், 'உடற்தகுதி' என்ற பொதுச் சொல்லுக்குப் பதிலாகச் செய்ய வேண்டிய பணிகளைப் பட்டியலிடுதல், நிரந்தரப் பணியிடங்களாக உருவாக்குதல், உதவியாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் தனிச் செலவுத் தலைப்பு, தொலைத் தீவு இடமாற்றத்தில் விலக்கு ஆகியவை அவை. இவற்றைச் செய்ய அந்தமான் நிர்வாகத்துக்கும் உள்துறை, கல்வி, சமூக நீதி அமைச்சகங்களுக்கும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. தீவுகளுக்கென வேறு மன்றம் இல்லாததால், இதை நாடாளுமன்றத்தில் எழுப்பும் கடமை அந்த ஓர் உறுப்பினரைத் தாண்டி அனைவருக்கும் உண்டு. தீவு மக்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் தமிழ் பேசுபவர் என்பதால், தமிழ்நாட்டின் உறுப்பினர்களிடம் அந்த எதிர்பார்ப்பு கூடுதலாகவே இருக்கும்.